கோட்டிங்கனுக்குப் போகலாமா? கொஞ்சம் விரிவான பதில்

கேள்வி இதுதான். திருச்சியில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த ஒருவருக்கு ஜெர்மனியில் உள்ள கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. வீட்டில் மியூனிக் தெரியும், பெர்லின் தெரியும், இந்தப் பெயரைக் கேட்டதே இல்லை என்கிறார்கள். இவரோ காஸ், ஹில்பர்ட் என்ற கணித மேதைகளும் இயற்பியலாளர் மாக்ஸ் போர்னும் இருந்த இடம் என்று படித்து மயங்கிப்போய் இருக்கிறார். இன்றைக்கும் அது அதே இடம்தானா, ஊர் எப்படி, தரவரிசை எப்படி, நம்பிப் போகலாமா என்று கேட்கிறார்.

போகலாம். ஆனால் ஹில்பர்ட் பெயருக்காகப் போகாதீர்கள். அந்தக் கோட்டிங்கன் 1933ல் ஹிட்லர் ஆட்சியில் சில மாதங்களில் கலைக்கப்பட்டது. இன்று அங்கே இருப்பது வேறொரு கோட்டிங்கன். அதன் பலமும் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள்தான் முதல் வருஷத்திலேயே சோர்ந்துபோகிறார்கள்.

முதலில் ஊர். ஜெர்மனியின் நடுவில், கீழ் சாக்சனி மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், லைனே என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கிறது. மக்கள்தொகை ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி வரும். அதில் 20,000க்கும் மேற்பட்டவர்கள் மாணவர்கள். வடக்கே ஹனோவர், தென்மேற்கே காசல். 1991ல் திறந்த அதிவேக ரயில் பாதை ஊர் வழியாகவே போவதால், இத்தனை சின்ன ஊருக்குக் கிடைக்காத வசதி இதற்குக் கிடைத்திருக்கிறது: ஹனோவருக்கு முக்கால் மணி நேரத்துக்குள், ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குள், பெர்லினுக்கு இரண்டரை மணி நேர அளவில் போய்விடலாம். வீட்டில் கவலைப்படுபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகம் எங்கே என்று கேட்டால் கை காட்ட ஒரு வாசல் கிடையாது. நம் ஊர்ப் பல்கலைக்கழகம் மாதிரி மதில், வளைவு, காவலாளி எதுவும் இல்லை. கணிதத் துறை ஒரு தெருவில், பழைய நூலகம் இன்னொரு தெருவில் ஒரு தேவாலயக் கட்டடத்தில், இயற்பியலும் வேதியியலும் ஊருக்கு வடக்கே மேட்டில். பழைய ஊரைச் சுற்றி இருந்த கோட்டைக் கரை இப்போது மரங்கள் அடர்ந்த நடைபாதை. ஒரு மணி நேரத்துக்குள் ஊரையே வலம் வந்துவிடலாம். அதன் ஒரு மூலையில் சிறு கோபுர வீடு ஒன்று நிற்கும். மாணவராக இருந்தபோது அடாவடியால் ஊருக்குள் குடியிருக்க அனுமதி மறுக்கப்பட்ட பிஸ்மார்க் 1833ல் தங்கியிருந்த வீடு அது.

உள்ளே நடந்தால் வீட்டுச் சுவர்களில் வெள்ளைப் பலகைகள் கண்ணில் படும். ஒரு பெயர், ஒரு தொழில், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை அந்த வீட்டில் குடியிருந்தார், அவ்வளவுதான். 1874ல் தொடங்கிய வழக்கம். இப்போது 300க்கும் மேல் இருக்கின்றன. ரொட்டிக் கடைக்கு மேல் ஒரு வேதியியலாளர், செருப்புக் கடைக்கு மேல் ஒரு கவிஞர். ஊர் தன் பெருமையைச் சொல்லிக்கொள்ளும் விதம் இதுதான், சத்தமில்லாமல்.

பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர் கியார்க் ஆகஸ்ட் பல்கலைக்கழகம். அந்த கியார்க் யார் தெரியுமா? இங்கிலாந்தின் மன்னர் இரண்டாம் ஜார்ஜ். அப்போது ஹனோவரை ஆண்டவரும் அவரே. 1734ல் வகுப்புகள் தொடங்கின. 1737ல் முறைப்படித் திறப்பு விழா. அதைக் கட்டி எழுப்பியவர் முன்ஷ்ஹவுசன் என்ற அமைச்சர். இறையியல் துறை மற்றத் துறைகளின் நூல்களைத் தணிக்கை செய்யும் அதிகாரம் பல இடங்களில் இருந்த காலத்தில், இங்கே அதை வைக்கவில்லை. நூல்களை வாங்கிக் குவித்தார்கள், மாணவர்களை நூலகத்துக்குள் தாராளமாக விட்டார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. அன்றைக்கு அது புதுமை. ஆய்வும் பாடமும் ஒரே ஆள் செய்ய வேண்டியவை என்ற எண்ணத்துக்கு இங்கே சீக்கிரமே இடம் கிடைத்தது. 1787ல் டோரோதியா ஷ்லோட்சர் என்ற 17 வயதுப் பெண்ணுக்கு முனைவர் பட்டம் கொடுத்தார்கள். கொடுத்தார்களே தவிர, பட்டமளிப்பு விழாவில் உட்கார அனுமதிக்கவில்லை.

காஸ் 1807 முதல் 1855ல் இறக்கும் வரை இங்கே வானாய்வகத்தின் இயக்குநராக இருந்தார். அந்த வானாய்வகக் கட்டடம் இன்னும் இருக்கிறது. 1833ல் அவரும் இயற்பியலாளர் வில்ஹெல்ம் வேபரும் சேர்ந்து, வேபரின் ஆய்வகத்திலிருந்து வானாய்வகம் வரை வீட்டுக் கூரைகளுக்கு மேலாக, யோவான் தேவாலயக் கோபுரம் வழியாகக் கம்பி இழுத்து, ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்துக்கு மின் தந்தி அனுப்பினார்கள். அவர்களுக்கு அது காந்தவியல் ஆய்வின் நடுவே ஒரு துணை வேலை. அதை வைத்து வியாபாரம் செய்ய இருவருக்குமே தோன்றவில்லை. 1845ல் மின்னல் தாக்கிக் கம்பி எரிந்தது.

அந்த வேபருக்கு வேலை போனது இன்னொரு கதை. 1837ல் ஹனோவருக்குப் புதிய மன்னராக வந்த எர்ன்ஸ்ட் ஆகஸ்ட், நாட்டின் அரசியலமைப்பைச் செல்லாது என்று அறிவித்தார். ஏழு பேராசிரியர்கள் கண்டித்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஏழு பேருக்கும் வேலை நீக்கம். அதில் மூன்று பேர் நாட்டை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. அந்த ஏழு பேரில் வேபரோடு, தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் இருவரும் உண்டு. இந்த எழுவரை ஊர் இன்றுவரை கொண்டாடுகிறது. பல்கலைக்கழகச் சதுக்கத்துக்கே அவர்கள் பெயர்தான். மற்றப் பேராசிரியர்கள் அன்று என்ன செய்தார்கள் என்று கேட்டால், வாயை மூடிக்கொண்டு பாடம் நடத்தினார்கள் என்பதுதான் பதில்.

இனி நீங்கள் மயங்கிய காலத்துக்கு வருவோம். ஃபெலிக்ஸ் கிளைன் 1886ல் வந்தார். நல்ல கணிதர், அதைவிட நல்ல அமைப்பாளர். 1895ல் ஹில்பர்ட்டைக் கொண்டுவந்தார், 1902ல் இன்னொரு கணிதர் மின்கோவ்ஸ்கி வந்தார், 1904ல் பிராண்டில் வந்து காற்றியக்கவியல் ஆய்வைத் தொடங்கினார். 1915ல் கணிதர் எம்மி நோதர். பெண் என்பதால் அவருக்கு விரிவுரையாளர் தகுதி கொடுக்க மறுத்தார்கள். நாலு வருஷம் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை நோதர் எடுத்தார். சம்பளம் கிடையாது. இயற்பியலில் சமச்சீருக்கும் ஆற்றல் அழிவின்மை போன்ற விதிகளுக்கும் உள்ள உறவை நீங்கள் எந்தத் தேற்றத்தின் பெயரில் படித்தீர்களோ, அதை அவர் எழுதியது இந்த நிலையில் இருந்தபோதுதான்.

1921ல் மாக்ஸ் போர்ன் வந்தார். ஒரே ஊரில் போர்னும் ஜேம்ஸ் பிராங்கும். ஒருவர் கோட்பாடு, மற்றவர் சோதனை. 1925 கோடையில் போர்னின் உதவியாளர் ஹைசன்பர்க், மகரந்த ஒவ்வாமையிலிருந்து தப்பிக்க ஹெலிகோலாண்ட் தீவுக்குப் போய் ஒரு கணக்கோடு திரும்பினார். அந்தக் கணக்கில் பெருக்கலின் வரிசை மாறினால் விடை மாறியது. இது அணிகளின் பெருக்கல் என்று கண்டுகொண்டவர் போர்ன். குவாண்டம் இயக்கவியலின் முதல் முழு வடிவம் இப்படித்தான் பிறந்தது. ஓப்பன்ஹைமர் 1927ல் போர்னிடம்தான் முனைவர் பட்டம் வாங்கினார். 1929ல் ராக்கஃபெல்லர் பணத்தில் கணிதத்துக்குப் புதுக் கட்டடம் திறந்தார்கள். அதைத்தான் இன்று பன்சன் தெருவில் பார்க்கலாம். உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் பிளாஸ்டரிலும் நூலிலும் செய்த வளைபரப்பு மாதிரிகள் வரிசையாக இருக்கும். கணினித் திரை வராத காலத்தில் ஒரு சமன்பாட்டைக் கையால் தடவிப் பார்க்க அவைதான் வழி.

நாலு வருஷம்தான் அந்தக் கட்டடம் நிறைந்திருந்தது. 1933 ஏப்ரல் 7ல் யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. முதல் உலகப் போரில் சண்டையிட்டவர் என்பதால் பிராங்குக்கு விலக்கு இருந்தது. அவர் அதை ஏற்காமல் ராஜினாமா செய்து, காரணத்தைப் பத்திரிகையிலும் வெளியிட்டார். ஒரே வாரத்தில் கோட்டிங்கன் ஆசிரியர்கள் 42 பேர் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை விட்டார்கள். எதற்கு? பிராங்கின் ராஜினாமா நாசவேலைக்குச் சமம் என்று சொல்ல. 1837ன் எழுவரைப் பற்றி யாராவது உங்களிடம் பெருமை பேசினால், இந்த 42 பேரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முடிவதற்குள் போர்ன், நோதர், கணித நிறுவனத்தை நடத்திய கூராண்ட் எல்லாருக்கும் கட்டாய விடுப்பு. நவம்பரில் எண் கோட்பாட்டாளர் லாண்டாவின் வகுப்பை மாணவர்களே வாசலில் நின்று மறித்தார்கள். மறித்தவர்களில் திறமையான கணித மாணவர்களும் இருந்தார்கள் என்பதுதான் கொடுமை. யூதர்களின் செல்வாக்கு போன பிறகு கணிதம் எப்படி இருக்கிறது என்று கல்வி அமைச்சர் கேட்டதற்கு, கோட்டிங்கனில் கணிதமே இல்லையே என்று ஹில்பர்ட் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு.

இங்கே உங்கள் ஊர்க்காரர் ஒருவரும் வருகிறார். வேலை இழந்த போர்ன் கேம்பிரிட்ஜுக்குப் போனார்; அங்கே நிரந்தர வேலை இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த சி.வி. ராமன், திருவானைக்காவலில் பிறந்தவர், அவரை அழைத்தார். 1935-36 குளிர்காலத்தை போர்னும் அவர் மனைவியும் பெங்களூரில் கழித்தார்கள். போர்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ராமன் எவ்வளவோ முயன்றார். கழகத்துக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பி, நடக்காமல் போயிற்று. போர்ன் எடின்பரோவுக்குப் போய்விட்டார். குவாண்டம் இயக்கவியலை உருவாக்கியவர்களில் ஒருவர் மல்லேஸ்வரம் பக்கத்திலேயே தங்கிப் பாடம் எடுத்திருக்கக்கூடும். நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

போரில் காசல் தரைமட்டமானது. கோட்டிங்கன் பெரும்பாலும் தப்பியது. மரச்சட்டமும் சுண்ணாம்பும் கலந்த பழைய வீடுகள் இன்னும் நிற்பது அதனால்தான். முழுக்கத் தப்பியது என்றும் சொல்ல முடியாது. ரயில் நிலையப் பக்கம் விழுந்து வெடிக்காமல் புதைந்த குண்டுகள் இப்போதும் கிடைக்கின்றன. 2010ல் ஒன்றைச் செயலிழக்கச் செய்யத் தயாராகும்போதே அது வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். நீங்கள் இருக்கும்போது ஒரு நாள், இத்தனை மணிக்குள் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று நகராட்சி அறிவிப்பு வரலாம். பதற வேண்டாம், சொன்னபடி கிளம்பிப் போங்கள்.

போர் முடிந்ததும் ஊர் பிரிட்டிஷ் வசம் வந்தது. பெர்லினிலிருந்து ஓடிவந்த விஞ்ஞானிகள் பலர் இங்கே ஒதுங்கினார்கள். இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் கடைசிக் காலத்தை இங்கே கழித்து 1947ல் இறந்தார். 1948 பிப்ரவரியில், பல ஆய்வு நிறுவனங்களை நடத்தும் மாக்ஸ் பிளாங்க் சங்கம் இதே ஊரில்தான் நிறுவப்பட்டது, ஓட்டோ ஹான் அதன் முதல் தலைவர். நகரக் கல்லறைத் தோட்டத்தில் எட்டு நோபல் பரிசாளர்கள் அடங்கியிருக்கிறார்கள். இயற்பியல் படித்தவர் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வாருங்கள். போர்னின் கல்லில் நிலையும் உந்தமும் இடம் மாறினால் வரும் வேறுபாட்டின் சமன்பாடு பொறித்திருக்கும். பிளாங்கின் கல்லின் அடியில் அவருடைய மாறிலியின் மதிப்பு. ஹில்பர்ட்டின் கல்லில், நாம் அறிந்தாக வேண்டும், அறிந்தே தீருவோம் என்ற அவர் வாசகம்.

இன்றைய கோட்டிங்கனின் பலம் இந்த மாக்ஸ் பிளாங்க் சங்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. மான்ஃபிரட் ஐகன் 1971ல் உருவாக்கிய உயிரியற்பியல் வேதியியல் நிறுவனத்தில்தான் எர்வின் நேரும் பெர்ட் சாக்மனும் செல் சவ்வில் உள்ள ஒற்றை அயனி வாய்க்கால் வழியாகப் போகும் மின்னோட்டத்தை அளந்தார்கள், 1991ல் நோபல். ஒளி நுண்ணோக்கியின் எல்லை என்று நூறு வருஷம் நம்பப்பட்டதை அதே வளாகத்தில் ஸ்டெஃபன் ஹெல் தாண்டினார், 2014ல் நோபல். அந்த நிறுவனம் 2022ல் இன்னொன்றோடு இணைந்து பெயர் மாறியிருக்கிறது, பழைய பெயரைத் தேடிக் குழம்பாதீர்கள். சூரிய மண்டல ஆய்வு நிறுவனம் 2014ல் ஊருக்குள் குடியேறியது. இயக்கவியலும் தன்னமைப்பும் ஆராய ஒரு நிறுவனம், விமான விண்வெளி ஆய்வு மையம், குரங்கின ஆய்வு மையம், பல்கலைக்கழக மருத்துவமனை என்று எல்லாம் சைக்கிள் தூரத்தில். பேராசிரியர்கள் பலருக்கு இரண்டு இடத்திலும் பொறுப்பு உண்டு. உங்கள் வழிகாட்டி பல்கலைக்கழகத்தில் இருப்பார், கருவி மாக்ஸ் பிளாங்கில் இருக்கும், பட்டம் பல்கலைக்கழகம் கொடுக்கும். இது இங்கே சர்வ சாதாரணம்.

ஆக, உயிரியற்பியல், நுண்ணோக்கி, நரம்பியல், சூரிய இயற்பியல், சிக்கலான இயக்கங்களின் இயற்பியல் என்றால் யோசிக்காமல் போகலாம். பொருள்களின் இயற்பியலும் நன்றாகவே இருக்கிறது. காட்டியல், வேளாண்மை இரண்டிலும் ஜெர்மனி அளவில் பேர் உண்டு. கணிதம் இன்றும் நல்ல துறைதான், ஆனால் உலகமே இங்கே வந்து குவியும் காலம் முடிந்துவிட்டது. அந்த நினைப்பில் வருபவர் பான் பல்கலைக்கழகத்தையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. இன்னொன்று, நம் பிள்ளைகள் அடிக்கடி தவறவிடுவது: மெக்கானிக்கல், சிவில் மாதிரியான பொறியியல் துறைகள் இங்கே கிடையவே கிடையாது. தம்பிக்கும் அங்கேயே எம்.எஸ். பார்க்கலாம் என்று வீட்டில் திட்டம் போட்டால், அவரை ஹனோவருக்கோ பிரவுன்ஷ்வைகுக்கோ அனுப்புங்கள்.

தரவரிசையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சிறந்த பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்துக் கூடுதல் நிதி தரும் ஜெர்மன் அரசின் சிறப்புத் திட்டத்தில் 2007ல் கோட்டிங்கன் வென்றது, 2012ல் அந்தத் தகுதியை இழந்தது. ஊரில் பெரிய துக்கம். ஆனால் முனைவர் பட்ட மாணவருக்கு அதனால் பெரிய வித்தியாசம் வராது. உங்களுக்கு முக்கியம் குழுவும் வழிகாட்டியும்.

பணம். முனைவர் பட்ட ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இங்கே சம்பளம் வாங்கும் ஊழியர்கள். அரசுச் சம்பளப் படிநிலையில் 13வது நிலை. அதிலும் முழு வேலையாகத் தராமல் பாதி, 65 சதவீதம், முக்கால் என்று தருவார்கள். பாதி வேலைக்குச் சம்பளம், முழு வேலைக்கு உழைப்பு என்பது எழுதப்படாத விதி. வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் போக வருவதில் ஒரு ஆள் இந்த ஊரில் தாராளமாக வாழலாம். மியூனிக்கில் அதே சம்பளம் வாடகைக்கே போய்விடும். கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ மட்டும் கட்ட வேண்டும், அதில் ரயில் பயணச் சலுகையும் சேரும். சொந்தச் செலவில் மாஸ்டர்ஸ் படிக்க வருபவர்கள் கதை வேறு. அவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் (நம் ஊர்ப் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) வேண்டும், முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் ஓர் அளவு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், வருஷத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் (2024 செப்டம்பர் முதல் உள்ள தொகை இது, விசாவுக்கு முன் தூதரகப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்).

ஆய்வகத்தில் ஆங்கிலம் போதும். ஆய்வகத்துக்கு வெளியே போதாது. வீட்டுக்காரர், காப்பீட்டு அலுவலகம், பல் மருத்துவரின் வரவேற்பறை எல்லாம் ஜெர்மன்தான். நல்ல செய்தி, இந்தப் பக்கத்துப் பேச்சு ஜெர்மன் பாடப்புத்தகத்துக்கு மிக நெருக்கமானது; படித்தது காதில் விழும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். பனியைவிட இந்த இருட்டுதான் நம்மவர்களைப் படுத்தும். அரிசி, பருப்பு, புளி ஆசியக் கடைகளில் கிடைக்கும்; கறிவேப்பிலையை நம்பி வராதீர்கள். சைக்கிள் ஒன்று வாங்கிவிடுங்கள், ரயில் நிலையத்திலிருந்து வடக்கு வளாகம் வரை அதற்கென்றே விரைவுப் பாதை போட்டிருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்து வாய்மொழித் தேர்வில் தேறும் அன்று ஒரு சடங்கு உண்டு. ஆய்வகத் தோழர்கள் அட்டையில் ஒரு தொப்பி செய்து வைத்திருப்பார்கள். அதன் மேல் உங்கள் ஆய்வைக் கேலி செய்யும் பொருள்களெல்லாம் ஒட்டியிருக்கும்: உடைந்த லென்ஸ், காலி காபிக் கோப்பை, வழிகாட்டியின் படம். அலங்கரித்த கைவண்டியில் உங்களை உட்காரவைத்து ஊர் நடுவே இழுத்துப் போவார்கள். பழைய நகர மன்றத்தின் முன்னால் ஒரு நீரூற்று. அதன் நடுவில் வாத்துகளோடு நிற்கும் ஒரு சிறுமியின் வெண்கலச் சிலை, பெயர் கன்சலீசல். 1901ல் வைத்தது. நீரூற்றின் மேல் ஏறி, அவளுக்குப் பூங்கொத்து கொடுத்து, கன்னத்தில் ஒரு முத்தம். 1926ல் நகராட்சி இதற்குத் தடை போட்டது; வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று; முத்தம் மட்டும் நிற்கவில்லை. இப்போது நிற்பது நகல், அசல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடிவாரம் வழுக்கும், புதுச் செருப்போடு ஏறாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று. அழைப்பு அனுப்பிய பேராசிரியருக்குப் பதில் எழுதும்போது நாலு விஷயம் கேளுங்கள்: ஒப்பந்தம் எத்தனை வருஷம், எத்தனை சதவீதம், வகுப்பு எடுக்கும் பொறுப்பு உண்டா, குழுவிலிருந்து கடைசியாக முடித்தவர்களுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று. இங்கே இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, கேட்காதவரைத்தான் வியப்பாகப் பார்ப்பார்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்தக் குழுவின் பழைய மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். ஒப்பந்தம் கைக்கு வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அக்டோபரில் மொத்த மாணவர் கூட்டமும் ஒரே நேரத்தில் வீடு தேடும். ஏப்ரலில் சேர முடியுமானால் அறை கிடைப்பது சுலபம், வெளிச்சமும் இருக்கும்.